கெப்ரூடர் ஸ்டைடிங்கர்: அம்மப்பாவின் டுவலைச் செய்த குடும்பம்

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தைக்காரர். அம்மப்பாவின் பிளாட்டைக் காலி செய்யும்போது அலுமாரிக்கு மேலே, பழைய படுக்கை விரிப்பில் சுற்றியபடி, தூக்க முடியாத கனத்தில் ஒரு ரெக்கோட் பிளேயர் கிடைத்திருக்கிறது. முகப்பில் 'டுவல் 1019'. அடியில் உள்ள தகட்டில் 'கெப்ரூடர் ஸ்டைடிங்கர், சங்க்ட் கியோர்கன், ஷ்வார்ட்ஸ்வால்ட்'. இவர்கள் யார், கொம்பனி இன்னும் இருக்கிறதா, இதைத் திருத்துவதா இல்லை பழைய இரும்புக்காரனுக்குக் கொடுப்பதா என்று கேட்கிறார். கூடவே ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார்: ரெக்கோட்டுகள் எல்லாம் 83 ஜூலையில் வீட்டோடு போய்விட்டன, அந்தக் கிழமை திருத்தக் கொடுத்திருந்ததால் மெஷின் மட்டும் தப்பியது என்று அம்மா சொன்னாராம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இரும்புக்குப் போடாதீர்கள். ஆசைப்பட்டு பிளக்கையும் இப்போதே குத்திப் பார்க்க வேண்டாம். காரணம் கடைசியில் வரும்.

'கெப்ரூடர்' என்றால் ஜேர்மன் மொழியில் சகோதரர்கள். நம்முடைய செட்டியார் தெருக் கடைப் பலகைகளில் 'அன் பிரதர்ஸ்' என்று போடுவார்களே, அதே சங்கதி. ஷ்வார்ட்ஸ்வால்ட் என்றால் கருங்காடு. ஜேர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள மலைக்காடு. சங்க்ட் கியோர்கன் அதற்குள் இருக்கும் ஒரு சிறிய ஊர். அங்கே ஊறுகிற பிரிகாக் என்ற ஓடை கீழே இன்னொரு ஓடையோடு சேர்ந்த பிறகுதான் அதற்கு டான்யூப் என்று பெயர். பனிக்காலத்தில் வயல் வேலை கிடையாது. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் வீட்டுக்குள் இருந்து மணிக்கூடு செய்யப் பழகினார்கள். குயில் எட்டிப் பார்த்துக் கூவும் மணிக்கூடு அந்தக் காட்டுப் பிள்ளைதான்.

உங்கள் அம்மப்பா வீட்டில், அல்லது தெரிந்த யார் வீட்டிலாவது, கண்ணாடிக் குடத்துக்குள் நாலு பித்தளை உருண்டைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சுழலும் மேசை மணிக்கூடு பார்த்திருப்பீர்கள். ஒருமுறை முறுக்கினால் 400 நாள் ஓடும். அதில் 'குண்டோ' என்று எழுதியிருந்தால் அதுவும் இதே சங்க்ட் கியோர்கனில் செய்ததுதான். கொழும்பு வரவேற்பறை ஒன்றில் மணிக்கூடும் பாட்டுப்பெட்டியும் ஒரே மலை ஊரிலிருந்து வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கலாம், வீட்டுக்காரருக்கே தெரியாமல்.

இந்த ஊரில் 1907இல் ஜோசப் ஸ்டைடிங்கர், கிறிஸ்டியன் ஸ்டைடிங்கர் என்ற சகோதரர்கள் ஒரு பட்டறை தொடங்கினார்கள். மணிக்கூட்டுக்கும் கிராமபோனுக்கும் உதிரிப்பாகங்கள் செய்வதுதான் தொழில். இரண்டும் ஒரே கைவேலை போலத் தோன்றும். உண்மையில் அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. மணிக்கூடு நின்று நின்று ஓடுவது. 'டிக்' என்று ஒரு பல் விடும், நிற்கும், 'டக்' என்று அடுத்த பல் விடும். கிராமபோன் தட்டு அப்படி ஓடினால் பாட்டு விக்கும். அது நூல் இழுத்ததுபோல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் சுருள்வில்லோ, முறுக்கிய கையோடு முழு வலுவில் தள்ளும். இறங்க இறங்கச் சோர்ந்துபோகும். இந்தச் சோர்வு பாட்டில் தெரியாமல் மறைக்க, சுழலும் ஒரு தண்டில் மெல்லிய தகடுகளில் சின்னச் சின்ன எடைக்குண்டுகளைக் கட்டினார்கள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், விரியும்போது தண்டோடு சேர்ந்த ஒரு வட்டத்தகடு நகர்ந்துபோய்த் தோல் துண்டு ஒன்றில் உரசும், வேகம் தணியும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் குண்டு ஒன்று கொஞ்சம் கனம் பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். மணிக்கூடு செய்த கை இல்லாமல் இந்த வேலை வராது. கிராமபோன் மோட்டர்த் தொழில் இந்த மாதிரி மணிக்கூட்டு ஊர்களில் போய் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

சரி, சகோதரர்கள் சேர்ந்து கடை போட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று கொழும்பில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. 1911இல் ஜோசப் பிரிந்து போனார். போனவர் தூரமாகவும் போகவில்லை. அதே ஊரில் 'பெர்பெட்டுவம்' என்ற பெயரில் அதே சுருள்வில் மோட்டர் செய்யத் தொடங்கினார். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். படையே சகோதரன் வீட்டிலிருந்து வந்தால் என்ன செய்வதென்று அந்தப் பழமொழியில் இல்லை. பெர்பெட்டுவம் 1930களில் ஆல்பர்ட் எப்னர் கைக்கு வந்து பெர்பெட்டுவம் எப்னர் ஆனது, சுருக்கமாக 'பி.ஈ.'. அடுத்த நாற்பது வருஷம் ஜேர்மனியின் இரண்டு முக்கிய ரெக்கோட் பிளேயர் கொம்பனிகள் ஒரே சிற்றூரில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. என் கணிப்பில் இந்தப் பிரிவினால் நட்டம் எதுவும் இல்லை. ஒரு பட்டறைக்குப் பதிலாக இரண்டு. ஊரில் பிறக்கிற பிள்ளைக்கு இங்கே வேலை, இல்லாவிட்டால் அங்கே. ஊர் முழுக்க அந்தக் கைவேலை தெரிந்த ஆட்கள்.

'டுவல்' என்ற பெயருக்கு வருவோம். நாங்கள் டுவல் என்கிறோம். ஜேர்மன்காரர் வாயில் அது 'டுஆல்'. இரட்டை என்று பொருள். சகோதரர் இரண்டு பேர் என்பதால் வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் கதைவிட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்தப் பெயர் வந்தபோது சகோதரர் பிரிந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. 1927இல் கிறிஸ்டியனின் பக்கம் ஒரு புது மோட்டர் கொண்டுவந்தது. கரண்ட் இருந்தால் கரண்டில் ஓடும். இல்லாவிட்டால் கைபிடியால் முறுக்கிச் சுருள்வில்லில் ஓட்டலாம். வீடுகளுக்கு மின்சாரம் அப்போதுதான் வந்துகொண்டிருந்த காலம். ஒரு தெருவில் இருக்கும், அடுத்த தெருவில் இருக்காது. வாங்குகிறவனுக்கு எதை வாங்குவது என்ற குழப்பம். இரண்டையும் ஒன்றுக்குள் வைத்த அந்த மோட்டருக்குத்தான் 'டுவல்' என்று பெயர். பிறகு மோட்டரின் பெயரே கொம்பனியின் பெயராகிவிட்டது.

இந்தக் கதையைப் படித்த காலத்தில் அது எனக்கு ஒரு பழைய தகவல், அவ்வளவுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், வேர்த்து ஒழுகிக்கொண்டு, அலமாரி நிறைய ரெக்கோட் பிளேயர்களை வைத்துக்கொண்டு ஒன்றையும் போட முடியாமல் இருட்டில் இருந்தபோதுதான் கிறிஸ்டியன் ஸ்டைடிங்கர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று விளங்கியது.

1935இல் டுவல் தன் சொந்தப் பெயரில் முதல் ரெக்கோட் பிளேயரை விற்றது. அதுவரை மற்றவர்களின் பெட்டிக்கு உள்ளுறுப்பு செய்து கொடுத்தவர்கள்தான். யுத்தம் முடிந்து ஜேர்மனி எழுந்து நிற்கத் தொடங்கியதும் அவர்களுடைய நல்ல காலம் தொடங்கியது. ரேடியோகிராம்களின் காலம் அது. நம்மவர்களும் அவற்றைப் பார்த்திருக்கிறோம்: மினுமினுக்கும் மரப்பெட்டி, ஒரு பக்கம் ரேடியோ, மூடியைத் தூக்கினால் உள்ளே ரெக்கோட் சுற்றும் மெஷின். பகலில் இலங்கை வானொலி வர்த்தக சேவையில் மயில்வாகனத்தின் குரல், இரவில் சொந்த ரெக்கோட். பெட்டியின் முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே சுற்றிய மெஷின் பெரும்பாலும் வேறு ஆள் செய்தது. பிரிட்டிஷ் பெட்டி என்றால் கராட் அல்லது பி.எஸ்.ஆர்.; ஜேர்மன் பெட்டி என்றால் பல சமயம் டுவல் அல்லது பி.ஈ. ஆகவே டுவல் என்ற பெயரையே கேள்விப்படாத எத்தனையோ கொழும்பு வீடுகளில் சங்க்ட் கியோர்கன் மெஷின் ஓடியிருக்கும். ஏறுமுகத்தின் உச்சியில் டுவல் பல தொழிற்சாலைகளில் 3,000 பேருக்கு மேல் வைத்திருந்தது. ஜேர்மனியின் மிகப் பெரிய ரெக்கோட் பிளேயர் உற்பத்தியாளர் அவர்கள்தான்.

உங்களிடம் இருக்கும் 1019, 1965இல் வெளிவந்த மொடல். குடும்பத்தின் பெயர் தகட்டில் இருந்த நல்ல காலத்துச் சாமான். அடியைத் திறந்து பார்த்தால் பயந்துவிடுவீர்கள். நெம்புகோல், பற்சக்கரம், வில், கம்பி என்று ஒரு முழு மணிக்கூட்டுக் கடை. மின்னணுப் பாகம் என்று சொல்ல எதுவுமே இல்லை. சுவிட்சைத் தள்ளினால் ஊசியைத் தாங்கும் கை தானே எழும்பி, ரெக்கோட்டின் ஓரத்தைத் தேடிப் போய் இறங்கும்; பாட்டு முடிந்தால் தானே திரும்பி வந்து படுத்துக்கொண்டு மெஷினையும் நிறுத்தும். இவ்வளவையும் செய்விப்பது, பக்கத்தில் ஓசையில்லாமல் சுற்றும் ஒரு பெரிய பற்சக்கரம். அதன் முகத்தில் வெட்டிய பள்ளங்களில் ஒரு நெம்புகோல் ஓடுகிறது. குயில் மணிக்கூட்டில் மணிக்கு எத்தனை தரம் கூவ வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் இப்படி வெட்டிய சக்கரம்தான்.

ரெக்கோட்டைத் தாங்கிச் சுற்றும் தட்டு மூன்று கிலோவுக்கு மேல். நீங்கள் தூக்க முடியவில்லை என்றதற்கு அதுவே பாதிக் காரணம். அது கனமாக இருப்பது வீம்புக்கு இல்லை; மோட்டரின் சின்னச் சின்ன நடுக்கம் அந்தப் பாரத்தில் கரைந்துபோகும். மோட்டர் தண்டு படிப்படியாகக் கடைந்த ஒரு சிறு கூம்பு. நாலு வேகத்துக்கு நாலு படி: நிமிடத்துக்கு 16, 33, 45, 78 சுற்று. ஒரு ரப்பர் சில்லு அந்தப் படியிலும் தட்டின் உள்விளிம்பிலும் ஒரே நேரத்தில் ஒட்டிச் சுழற்றும். இதில் நமக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மோட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட் இல்லை, கரண்டின் துடிப்பு. ஜேர்மனியிலும் இலங்கையிலும் அது 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவில் 60. அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த மெஷினில் 60க்குக் கடைந்த கூம்பு இருக்கும்; அதை இங்கே ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் பாடும், எம்.எஸ்.ஸும் ஆண்குரலில் பாடுவார். கூம்பை மாற்றாமல் எந்த டிரான்ஸ்போமர் போட்டாலும் அது சரிவராது.

நீளமான கம்பி ஒன்றும் கூடக் கிடைத்ததா? கிடைத்தால் பத்திரம். அதை நடுவில் நட்டு ரெக்கோட்டுகளை அடுக்கினால் ஒன்று முடிய அடுத்தது தானே விழும். மற்ற மெஷின்களில் அடுக்கின் பாரம் முழுவதும் கடைசி ரெக்கோட்டின் மேல் இருக்கும்போதே அதை இழுத்துத் தள்ளுவார்கள். நடு ஓட்டை தேய்ந்துபோகும். டுவல் கம்பி, மேலே உள்ள ரெக்கோட்டுகளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் உள்ளதை மட்டும் விடும். இந்த மாதிரி இடங்களில்தான் எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் மரியாதை வருகிறது. யாரும் கேட்காத கவனம்.

அம்மப்பா இதை எப்படிக் கொண்டுவந்திருப்பார் என்று எனக்கு ஒரு ஆவல். 1970க்குப் பிறகு 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிப்போயிருந்த காலத்தில் இப்படி ஒரு சாமானைக் கடையில் போய் வாங்குவது லேசான காரியம் இல்லை. அதற்கு முன்பு வாங்கியிருக்கலாம், அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த யாராவது கொண்டுவந்திருக்கலாம். 77இல் கதவு திறந்ததும் கடைகளில் வந்து குவிந்தது ஜப்பான் கசெட் பிளேயர். ரெக்கோட் பிளேயர் அலுமாரிக்கு மேலே ஏறியது அப்போதுதான், அநேகமாக எல்லா வீட்டிலும்.

டுவலையும் ஜப்பான்தான் வீழ்த்தியது. சீடி வந்ததால் டுவல் செத்தது என்று பலர் எழுதுகிறார்கள், திகதி ஒத்துவரவில்லை. முதல் சீடி பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1982 ஒக்டோபரில். டுவல் கடனில் மூழ்கியதும் அதே 1982இல்தான். விழுகிற மரத்தின் மேல் பிறகு உட்கார்ந்த காகம் சீடி. நடந்தது இது: 1970களின் தொடக்கத்தில் டுவல் பி.ஈ.யை வாங்கியது. அறுபது வருஷத்துக்குப் பிறகு இரண்டு சகோதரரின் பட்டறைகளும் திரும்ப ஒன்றாகின. அதே காலத்தில்தான் ஜப்பானின் டெக்னிக்ஸ், மோட்டரின் மேலேயே தட்டை வைத்து நேராகச் சுற்றும் மெஷினை உலகத்துக்கு விற்கத் தொடங்கியது. சில்லும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். டுவல் சும்மா இருக்கவில்லை. 1973இல் 701 என்று அதே முறையில் தன் மெஷினைக் கொண்டுவந்தது. கேட்டிருக்கிறேன், அருமையான சாமான். ஆனால் ஜப்பான்காரன் விற்கிற விலைக்கும் செய்கிற எண்ணிக்கைக்கும் கருங்காட்டு ஊர் ஈடுகொடுக்க முடியவில்லை. அம்ப்ளிஃபயர், கசெட் டெக் என்று கையை அகல நீட்டியதும் உதவவில்லை. சுருள்வில்லில் தொடங்கிய ஒரு குடும்பத்துக்கு எது கைவரும், எது வராது என்று யாராவது உள்ளே இருந்தே சொல்லியிருக்க வேண்டும்.

பிரான்ஸின் தொம்சன்-பிரான்ட் கொம்பனி டுவலை வாங்கியது. பக்கத்து ஊர் வில்லிங்கனின் பழைய ரேடியோக் கொம்பனியான சாபாவும் அதற்கு முன்பே தொம்சனிடம் போயிருந்தது. 1988இல் டுவல் ஜேர்மனியின் ஷ்னைடருக்குக் கைமாறியது. பிறகு பெயர் ஒரு வழியும் வேலை ஒரு வழியுமாகப் போயின. 1993 முதல் சங்க்ட் கியோர்கனிலேயே அல்ஃப்ரெட் ஃபேரன்பாகர் என்பவரின் சிறு நிறுவனம் டுவல் மெஷின்களைத் தொடர்ந்து செய்தது. பெயரின் உரிமையோ 1994இல் கார்ஸ்டாட் என்ற பெரிய கடைக் கொம்பனிக்குப் போனது. அதனால் 'கொம்பனி இன்னும் இருக்கிறதா' என்ற உங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. டுவல் என்ற பெயரை இன்றும் கடையில் பார்க்கலாம், எங்கோ செய்த பிளாஸ்டிக் ரேடியோவிலும்கூட. ஸ்டைடிங்கர் குடும்பத்தின் டுவல் 1982இல் முடிந்துவிட்டது. ஊரில் ஒரு நல்ல ஃபோனோகிராஃப் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே ஊரில் 1942இல் தொடங்கிய பாப்ஸ்ட் என்ற மோட்டர்க் கொம்பனியின் பெயரும் பிழைத்திருக்கிறது. இயந்திரங்களைக் குளிர்விக்கும் சின்ன விசிறிகளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுகிற சாமான் எதையும் ஒழுங்காகச் சுற்றவைக்க அந்த ஊருக்குத் தெரியும்.

டுவலுக்கு மட்டும் வந்த விதி என்றும் சொல்ல முடியாது. சுவிஸில் ஹேர்மன் தொரென்ஸ் 1883இல் இசைப்பெட்டி செய்யத் தொடங்கிய குடும்பத் தொழில், 1963இல் பையார் என்ற கொம்பனியோடு இணைந்து, பிறகு பல கைகள் மாறியது. லெய்ங் தம்பதி 1946இல் தொடங்கிய லென்கோ 1970களிலேயே நொடித்துப்போனது. அந்தப் பெயரும் இப்போது வேறு ஆட்களிடம்.

சரி, திருத்தும் கதை. முதலில் தகட்டில் வோல்ட்டையும் ஹேர்ட்ஸையும் பாருங்கள். 220, 50 என்றால் கவலையில்லை. 110 அல்லது 117 என்று இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் கரண்டில் கொடுக்காதீர்கள். பிளக் குத்த வேண்டாம் என்றதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. சுவிட்சுக்குப் பக்கத்தில் பொறி தட்டாமல் இருக்க ஒரு சின்ன கப்பாசிட்டர் இருக்கிறது. ஐம்பது வருஷத்துப் பழசு. பட்டென்று வெடித்துப் புகை விடும். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவில், மெயின்ஸுக்கென்றே வரும் எக்ஸ்2 வகையைப் போட்டுவிடச் சொல்லுங்கள். விலை ஒரு பிளேன்டீக் காசு.

அடுத்தது கிரீஸ். ஜேர்மன்காரன் பூசிய கிரீஸ் நம்முடைய வெக்கையில் இறுகி மெழுகாகிப் பிறகு பிசினாகிவிடும். நெம்புகோல் அசையாது. அசையாததை வலிந்து தள்ளினால் உடையும். ஐசோபுரோப்பைல் அல்கஹாலில் பழையதைக் கழுவி, தேவையான இடத்தில் மட்டும் ஒரு துளி புது எண்ணெய். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருஷத்துக்கு முன்பு என்னுடைய முதல் டுவலை ஒரு கடையில் கொடுத்தேன். அவர் உள்ளே முழுக்க எண்ணெய் பீச்சித் தந்தார். ரப்பர் சில்லும் எண்ணெயில் ஊறி, தட்டு வழுக்கிக்கொண்டே நின்றது. அதைத் துடைத்தெடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. உங்கள் சில்லு நன்றாக இருந்தால் அல்கஹாலில் துடைத்தால் போதும். டுவலில் நிறுத்தியதும் சில்லு தானே விலகிவிடும். அதனால் பள்ளம் விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு.

கை எழும்புகிறது, ஆனால் ரெக்கோட்டுக்கு வராமல் அங்கேயே இறங்குகிறது என்றால் குழம்பாதீர்கள். உள்ளே ஒரு நெம்புகோலின் நுனியில் அரிசி அளவில் ஒரு ரப்பர்க் குழாய் இருக்க வேண்டும். ஜேர்மன் ஆர்வலர்கள் அதை 'ஸ்டொய்யர்பிம்பல்' என்பார்கள். அது உதிர்ந்திருக்கும். சைக்கிள் வால்வ் டியூப்பில் ஒரு சின்னத் துண்டு வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. இந்த அரிசியளவு ரப்பருக்காக எத்தனை டுவல்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஊசி புதிதாகத்தான் போட வேண்டும். கையின் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் ஷூர் கொம்பனியுடையதாக இருக்கும். ஷூர் 2018இல் அந்தத் தொழிலை விட்டுவிட்டது. ஆனால் தையல் ஊசி செய்து தொடங்கிய ஜப்பானின் ஜிக்கோ இன்றும் அவற்றுக்குப் பொருந்தும் ஊசி செய்கிறது. 78 தட்டுப் போடும் எண்ணம் இருந்தால் அதற்கு அகல ஊசி தனியாக வேண்டும். எல்பி ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் போய் உருளும், இரைச்சல்தான் கேட்கும்.

திறக்கப்போகும் ஆள் யாராக இருந்தாலும் ஒன்று சொல்லிவையுங்கள். பழைய பாஸ்மார் சிலர் திருத்திய திகதியைப் பென்சிலால் பெட்டியின் உட்பக்க மரத்தில் எழுதிவைப்பார்கள். நானே சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதில் 83 ஜூலைத் திகதி ஒன்று இருந்தால், மற்ற அழுக்கையெல்லாம் துடைக்கலாம், அதை மட்டும் துடைக்கக் கூடாது.